வீட்டு நாஸ்ல ரேமும் ப்ராசஸரும் மாத்துறது எப்படி: பழைய ஹெச்பி மைக்ரோசர்வர் ஜென்8 வெச்சு ஒரு முழு வழிகாட்டி

வீட்ல நாஸ் பொட்டி (ஃபைலை எல்லாம் நெட்வொர்க்ல சேத்து வெக்கிற மெஷின்) வெச்சிருக்கவங்களுக்கு ஒரு கட்டத்துல இந்த அரிப்பு வந்தே தீரும், மெஷின் இழுக்குது, புதுசு வாங்க காசு இல்ல, சரி இருக்குறதையே கொஞ்சம் தேத்தலாமேனு. எனக்கும் வந்துச்சு. என்கிட்ட இருக்குறது ஹெச்பி ப்ரோலயன்ட் மைக்ரோசர்வர் ஜென்8, 2013ல வந்த மாடல், ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்டத செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன். நாலு ஹார்ட் டிஸ்க் போடலாம், ரெண்டு கிகாபிட் போர்ட், செலரான் ஜி1610டி ப்ராசஸர், ரேம் வெறும் 4 ஜிபி. பழசுதான், ஆனா ரேம், ப்ராசஸர் ரெண்டுமே சாக்கெட்ல இருக்கு, கழட்டி மாட்டலாம், அதனாலதான் இன்னைக்கும் இதை விடாம பிடிச்சு வெச்சிருக்கவங்க நிறைய பேர் இருக்காங்க.

நான் பண்ணது, சொதப்புனது எல்லாத்தையும் சேத்து எழுதுறேன். உங்ககிட்ட வேற மாடல் இருந்தாலும் முக்கால்வாசி விஷயம் பொருந்தும்.

வாங்குறதுக்கு முன்னாடி, எது இழுக்குதுனு பாருங்க

இதை எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. ஃபைல் காப்பி மெதுவா இருக்குனு ப்ராசஸர் மாத்துறவங்க இருக்காங்க, அது காசுக்குப் பிடிச்ச கேடு. கிகாபிட் லைன்ல செகண்டுக்கு ஏறத்தாழ 110 எம்பி தான் போகும், அந்த வேகத்தை இந்தக் கிழட்டு செலரானே அசால்ட்டா குடுத்துடும். உங்களுக்கு காப்பி 40, 50லயே நிக்குதுன்னா வைஃபை, கேபிள், டிஸ்க் இதைத்தான் மொதல்ல சந்தேகப்படணும்.

அதனால ஒரு நாள் பொறுமையா உக்காந்து, எது பண்ணும்போது மெஷின் திணறுதோ அதையே பண்ணிக்கிட்டு ஹெச்டாப்பை (சிபியு, ரேம் எவ்ளோ ஓடுதுனு காட்டுற டூல்) திறந்து வெச்சுப் பாருங்க. சிபியு கோடு ரெண்டும் 100ல முட்டிக்கிட்டு நிக்குதுன்னா ப்ராசஸர் பிரச்சனை. சிபியு சும்மா இருக்கு ஆனா ஸ்வாப் (ரேம் பத்தாம டிஸ்க்ல எடுத்துக்குற இடம்) ஏறிக்கிட்டே போகுது, டாக்கர் கன்டெய்னர் (தனித்தனியா அடைச்சு ஓட்டுற ஆப்) ஒண்ணு ரெண்டு தானா செத்து செத்து எழுந்திரிக்குதுன்னா ரேம் பத்தல. ரெண்டுமே சும்மா இருந்து வேலை மட்டும் நகரலன்னா டிஸ்க் பக்கம் போங்க, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல.

என் கேஸ்ல ரெண்டும் இருந்துச்சு. போட்டோ பேக்கப்புக்கு இம்மிச் போட்டதுல இருந்து 4 ஜிபி மூச்சு முட்டிப் போச்சு, இந்த நாஸை ஓட்டுற ஓஎஸ் ட்ரூநாஸே குறைஞ்சது 8 ஜிபி கேக்குது, நான் அதுக்குக் கீழ ஓட்டிக்கிட்டு இருந்தேன், அது என் திமிரு. அதோட ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் வேற காலியா இருக்குற ரேமை எல்லாம் ஆர்க்னு ஒரு கேஷுக்கு எடுத்துக்கும், அடிக்கடி படிக்கிற டேட்டா அங்கேயே உக்காந்துருக்கும், டிஸ்க்கைத் தொட வேண்டியதில்ல. 4 ஜிபில அந்த கேஷுக்கு இடமே இருக்காது, ஒரு ஃபோல்டரைத் திறந்தா தம்ப்நெயில் ஒவ்வொண்ணா டொக்கு டொக்குனு வரும்.

ப்ராசஸர் பக்கம் எனக்கு வந்த பிரச்சனை வேகமே இல்ல, வேற ஒண்ணு. மாங்கோடிபி 5ங்கிற டேட்டாபேஸ் தேவைப்படுற ஒரு கன்டெய்னரைப் போட்டேன், ஸ்டார்ட் ஆகாம "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு சொல்லிச் செத்துடும். ரெண்டு ராத்திரி கான்ஃபிக் ஃபைலைத் தோண்டிட்டு அப்புறம்தான் புரிஞ்சுது, மாங்கோடிபி 5ல இருந்து ப்ராசஸர்ல ஏவிஎக்ஸ்னு ஒரு கூடுதல் இன்ஸ்ட்ரக்ஷன் தொகுப்பு இருந்தே ஆகணும், அந்தக் காலத்து செலரான், பென்டியம் ரெண்டுலயும் இன்டெல் அதைக் குடுக்கல. ஏஇஎஸ் என்க்ரிப்ஷனை ஹார்ட்வேர்லயே பண்ற வசதியும் இதுல கிடையாது, அதனால என்க்ரிப்ட் பண்ண டேட்டாசெட்ல எழுதும்போது சிபியு உருகும். இன்டெலோட சர்வர் ப்ராசஸர் சியான்ல இது ரெண்டும் உண்டு. அப்போதான் ப்ராசஸர் மாத்துறதுனு முடிவே பண்ணேன்.

உங்க பொட்டில மாத்த முடியுமா

சினாலஜி, க்யூநாப் மாதிரி ரெடிமேட் பொட்டிகள்ல பெரும்பாலும் ப்ராசஸர் போர்டோட சேத்து சால்டர் பண்ணியிருக்கும். செலரான் ஜே4125, ஜே3455 இதெல்லாம் அந்த ரகம்தான், கழட்டவே முடியாது, அங்க ரேம் மட்டும்தான் உங்க கைல. சினாலஜி டிஎஸ்920+ எடுத்துக்கிட்டா 4 ஜிபி போர்டுலயே ஒட்டியிருக்கும், கூட ஒரு ஸ்லாட், கம்பெனிக் கணக்குல மொத்தம் 8 ஜிபி வரைக்கும், ஆனா 16 ஜிபி ஸ்டிக் போட்டு 20 ஜிபியா ஓட்டுறவங்க ஏராளம். கம்பெனி லிஸ்ட்ல இல்லாத ரேம் போட்டா சப்போர்ட் கேக்கும்போது அதைக் கழட்டச் சொல்லுவாங்க, அது தெரிஞ்சு பண்ணுங்க. டிஎஸ்918+க்கு டிடிஆர்3எல், அந்த எல் முக்கியம், 1.35 வோல்ட்ல ஓடுறது. க்யூநாப் டிவிஎஸ்-871 வரிசை மாதிரி சிலதுல மட்டும் 1150 சாக்கெட் இருக்கு, அதுல ப்ராசஸர் மாத்தலாம்.

ரேம் வாங்குறது, நான் ஏமாந்த இடம்

ஜென்8ல ரெண்டே ஸ்லாட், ஒவ்வொண்ணுலயும் 8 ஜிபி, மொத்தம் 16. ஒரு ஸ்டிக்ல 8 ஜிபிக்கு மேல இந்தத் தலைமுறை ப்ராசஸர் ஏத்துக்காது, 16 ஜிபி ஒத்த ஸ்டிக் போடலாமானு கேக்காதீங்க. போட வேண்டியது டிடிஆர்3 ஈசிசி அன்பஃபர்டு (ஈசிசினா ரேம்ல வர்ற தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்துறது). இதுல "ஈசிசி"ய மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு "அன்பஃபர்டு"வ மறந்துட்டுத்தான் நான் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

கடைல "சர்வர் ரேம் இருக்கா அண்ணே, டிடிஆர்3, ஈசிசி"னு கேட்டேன். "எவ்ளோ வேணும் தம்பி"னு ஒரு டப்பா நிறைய எடுத்து வெச்சாரு. வெலையும் நான் நெனச்சதுல பாதி. சந்தோஷமா ரெண்டு வாங்கிட்டு வந்து மாட்டுனா, ஸ்லாட்ல அழகா உக்காருது, கிளிப் மூடுது, பவர் போட்டா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல. அரை மணி நேரம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். அப்புறம்தான் ஸ்டிக்கரைப் படிச்சேன், படிச்சுட்டு வாங்கியிருக்கணும்.

ஸ்டிக்கர்ல பிசி3-12800னு இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, அதுலதான் மொத்தக் கதையும். அந்த எழுத்து ஈ-னா ஈசிசி அன்பஃபர்டு, நமக்கு வேண்டியது. ஆர்-னா ரெஜிஸ்டர்டு, பெரிய சர்வர்ல போடுறது, இதுல பூட்டே ஆகாது. கொடுமை என்னன்னா டிடிஆர்3ல ரெண்டுக்கும் 240 பின், வெட்டு இருக்குற இடமும் ஒண்ணுதான், அதனால தப்பான ஸ்டிக்கும் ஒழுங்கா உள்ள போயிடும். பெரிய சர்வர்களைக் கழிக்கும்போது ரெஜிஸ்டர்டு ரேம் மூட்டை மூட்டையா வெளிய வரும், அதனால அது சல்லிசு, அன்பஃபர்டு ஈசிசி தேடணும், வெலையும் கூட. கடைல சல்லிசா கிடைச்சா மொதல்ல அந்த எழுத்தைப் பாருங்க.

ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா சிப்பை எண்ணுங்க. சாதாரண 8 ஜிபி ஸ்டிக்ல ஒரு பக்கம் 8 கருப்பு சிப் இருக்கும், ஈசிசில 9. 64 பிட் டேட்டாவோட தப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு 8 பிட், அதுக்குத்தான் அந்த ஒன்பதாவது. ரெஜிஸ்டர்டுல நடுவுல வேற மாதிரி ஒரு சிப் கூடுதலா உக்காந்திருக்கும், பாத்தாலே தெரியும். மறுநாள் அதே கடைக்குப் போய் மாத்திக் கேட்டேன், மனுஷன் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு கொஞ்சம் காசு பிடிச்சுட்டுத்தான் மாத்தினாரு, தப்பு என்மேலயும் இருக்கு, என்ன பண்றது.

ஈசிசி இல்லாத சாதாரண டெஸ்க்டாப் ரேம் போட்டாலும் இது ஓடும். ஆனா குடும்ப போட்டோ எல்லாம் கிடக்குற பொட்டில, ஈசிசி போட வழி இருக்கும்போது அதை விடுறது எனக்குப் பிடிக்கல.

எந்த ப்ராசஸர்

சாக்கெட் 1155. சியான் இ3 வரிசைல மொத தலைமுறையும் வி2வும் உக்காரும். வி3 உக்காராது, அது 1150 சாக்கெட். இதுல ஒரு பொறி இருக்கு, 1265எல் வி2னும் உண்டு, 1265எல் வி3னும் உண்டு, கோர், வாட் எல்லாம் ஒண்ணு போலவே போட்டிருப்பாங்க, கடைசி எண்ணை மட்டும் கவனிக்கலன்னா வீட்டுக்கு வந்த அப்புறம் கீ செயின்ல மாட்டிக்க வேண்டியதுதான்.

இந்த மெஷின்ல ப்ராசஸர் மேல ஃபேன் கிடையாது, வெறும் ஹீட்சிங்க், பின்னாடி இருக்குற ஒரே பெரிய ஃபேன் இழுக்குற காத்துதான் எல்லாத்துக்கும். கூட வர்ற செலரான் 35 வாட். நான் எடுத்தது இ3-1265எல் வி2, 45 வாட், 4 கோர் 8 த்ரெட், 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போல 3.5 வரைக்கும் போகும். சூடு ரொம்ப பயமா இருக்கு, ஏவிஎக்ஸும் என்க்ரிப்ஷனும் வந்தாப் போதும்னா இ3-1220எல் வி2, 2 கோர் 4 த்ரெட், வெறும் 17 வாட். இ3-1230 வி2 போடலாம்னு சில பேர் சொல்லுவாங்க, சல்லிசாவும் கிடைக்கும், ஆனா 69 வாட். உள்ள இருக்குற பவர் சப்ளை மொத்தமே 150 வாட்தான், நாலு 3.5 இன்ச் டிஸ்க் ஒரே நேரத்துல சுத்த ஆரம்பிக்கும்போது அதுங்களே ஏகப்பட்டது இழுக்கும். குளிர் ஊர்ல இருக்கவங்க என்னவோ பண்ணிக்கட்டும், மெட்ராஸ்ல ஏசி இல்லாத ரூம்ல ஷெல்ஃப்ல வெச்சிருக்க எனக்கு அந்த தைரியம் இல்ல.

கரண்ட் பில்லுக்குப் பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு: 24 மணி நேரமும் ஓடுற மெஷின்ல கூடுதலா 10 வாட் இழுத்தா ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட் சொச்சம். சும்மா இருக்கும்போது சியானும் பதுங்கித்தான் கிடக்கும், அதனால அவ்ளோ கூட வராது.

இன்னொண்ணு, வீடியோ ட்ரான்ஸ்கோடுக்காக (வீடியோவை வேற ஃபார்மேட்டுக்கு மாத்துறதுக்காக) ப்ராசஸரை மாத்துறீங்கன்னா நல்லா யோசிங்க. 1265எல் வி2க்குள்ள கிராபிக்ஸ் இருக்கு, ஆனா இந்த போர்டுல அதைப் பயன்படுத்த வழியே இல்ல, ஸ்க்ரீனுக்கு வர்றது போர்டுல இருக்குற மேட்ராக்ஸ் சிப்ல இருந்து. அதனால க்விக் சிங்க் (அந்த கிராபிக்ஸை வெச்சு வீடியோவை மாத்துற இன்டெல் வசதி) கிடையாது, எல்லாம் ப்ராசஸரே மாரடிக்கணும். 1080 வீடியோ ஒண்ணு ரெண்டு ஓடும், 4கே ஹெச்இவிசி ஃபார்மேட் வீடியோவை மாத்தச் சொன்னா கையை விரிச்சுடும். அதுக்கு ஜே4125 போட்ட சின்னப் பொட்டியே மேல்.

திறக்குறதுக்கு முன்னாடி

பேக்கப் எடுங்க. டிஸ்க்கைத் தொடவே போறதில்லையேனு தோணும், இருந்தாலும் எடுங்க. கான்ஃபிக் ஃபைலையும் தனியா டவுன்லோட் பண்ணி லேப்டாப்ல வைங்க. பயாஸ், ஐலோ (சர்வரைத் தூரத்துல இருந்தே பாத்துக்குற ஹெச்பி வசதி) ரெண்டையும் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அப்டேட் பண்ணிடுங்க. டிஸ்க் ட்ரேல 1, 2, 3, 4னு மாஸ்கிங் டேப்ல எழுதி ஒட்டுங்க. இசட்எஃப்எஸ்க்கு வரிசை முக்கியமில்ல, ஆனா போர்டோட ரெய்டுல (பல டிஸ்க்கை ஒண்ணா சேக்குறது) வெச்சிருக்கவங்க வரிசையை மாத்தாதீங்க. அதோட இதுல மொத ரெண்டு டிஸ்க் இடம்தான் 6 கிகாபிட், மத்த ரெண்டும் 3, எஸ்எஸ்டி வெச்சிருந்தா எது எங்க இருந்துச்சுனு தெரியணும்.

வேணும்கிற சாமான்: டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூ டிரைவர், தெர்மல் பேஸ்ட், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி. நான் நல்லா துவைச்ச பழைய வேட்டித் துண்டை எடுத்தேன், டிஷ்யூ பேப்பரை விட நல்லா வேலை செஞ்சுது.

கழட்டுறது

கடைசியா ஒரு 15 நிமிஷம் மெஷினை நல்லா வேலை வாங்குங்க. இது எதுக்குன்னா பல வருஷப் பழைய பேஸ்ட் காய்ஞ்சு சிமென்ட் மாதிரி பிடிச்சிருக்கும், கொஞ்சம் சூடானா இளகும். அப்புறம் ஒழுங்கா ஷட்டவுன், பவர் கேபிளைப் பிடுங்கிட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. பின்னாடி கையாலயே திருகுற ஸ்க்ரூ ரெண்டு இருக்கும், அதைத் தளர்த்தினா மூடி பின்பக்கமா நகந்து வந்துடும்.

போர்டு கீழ ஒரு ட்ரேல இருக்கு, கேபிள் எல்லாத்தையும் கழட்டினாத்தான் அது பின்பக்கமா வழுக்கிட்டு வெளிய வரும். கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுங்க, சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லல. பெரிய 24 பின் பவர் கேபிள், நாலு டிஸ்குக்கும் சேத்துப் போற தடிமனான மினி எஸ்ஏஎஸ் கேபிள், ஃபேன் கேபிள், முன்பக்க பேனல் கேபிள். மினி எஸ்ஏஎஸ்ல ஒரு உலோக நாக்கு இருக்கும், அதை அழுத்திக்கிட்டு இழுக்கணும், முரட்டுத்தனமா இழுத்தா போர்டுல இருக்குற கனெக்டரே ஆடிடும்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி வெறும் இரும்புல, ஜன்னல் கம்பியோ மெஷினோட சட்டமோ, கையை வெச்சு எடுத்துக்குங்க. நம்ம ஊரு வேர்வைல ஸ்டாட்டிக் கம்மிதான், இருந்தாலும் ஏசி ரூம்ல பாலியஸ்டர் சட்டையோட உக்காராதீங்க.

ப்ராசஸர் மாத்துற அந்த அஞ்சு நிமிஷம்

ஹீட்சிங்க்ல மூலைக்கு ஒண்ணா ஸ்க்ரூ. ஒண்ணை முழுசா கழட்டிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, எதிரெதிர் மூலையா ரெண்டு ரெண்டு சுத்து தளர்த்திக்கிட்டே வாங்க. எல்லாம் விட்ட அப்புறம் நேரா மேல இழுக்காம, ரெண்டு கையாலயும் பிடிச்சு இடம் வலமா லேசா திருகுங்க. ஒரு கட்டத்துல சளக்குனு விடும்.

சாக்கெட் பக்கத்துல இருக்குற கம்பி லீவரைக் கீழ அமுக்கி வெளிப்பக்கம் தள்ளித் தூக்குங்க, மேல் தகடும் தூக்கிக்கும். பழைய செலரானை ஓரத்துல பிடிச்சு நேரா மேல எடுங்க. இப்போ தெரியுது பாருங்க, தங்கக் கலர்ல முடி மாதிரி 1155 பின், இதுதான் இந்த மொத்த வேலைலயும் உயிர் நிலை. இதுல ஒண்ணு வளைஞ்சா போர்டு போச்சு. ஸ்க்ரூ டிரைவர், வேட்டித் துண்டு, பக்கத்துல நிக்கிற குழந்தை எதுவும் இது மேல படக் கூடாது. எங்க வீட்ல சின்னவன் "இது என்னப்பா, வெல்வெட்டா"னு விரலை நீட்டிட்டான், நல்ல வேளை கையைப் பிடிச்சுட்டேன்.

புது ப்ராசஸரோட ரெண்டு ஓரத்துல சின்ன வெட்டு இருக்கும், சாக்கெட்ல இருக்குற ரெண்டு மேடோட அது பொருந்தணும். பொருத்தி, மெதுவா இறக்கி வைங்க, விரலால அழுத்தாதீங்க, அது தானா உக்காரும். தகட்டை மூடி லீவரைக் கீழ தள்ளும்போது நறநறனு ஒரு சத்தம் வரும், கொஞ்சம் பலமாவும் அமுக்கணும், மொத தடவை பண்றவங்களுக்கு உசுரே போயிடும், ஆனா அது அப்படித்தான். ப்ராசஸர் நேரா உக்காந்திருக்கானு முன்னாடியே பாத்துட்டீங்கன்னா தைரியமா அமுக்கலாம்.

ஹீட்சிங்க் அடிப்பக்கத்தைத் துணில ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, கண்ணாடி மாதிரி பளபளனு வர்ற வரைக்கும். ப்ராசஸர் நடுவுல ஒரு பட்டாணி அளவு பேஸ்ட், அவ்ளோதான். தோசைக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவ வேண்டாம், ஹீட்சிங்க் அழுத்துறதுலயே பரவிக்கும். திரும்ப எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க.

இதோட ஒப்பிட்டா ரேம் பெரிய வேலையே இல்ல. ரெண்டு பக்க கிளிப்பையும் திறந்து, நடு வெட்டு சரியா வருதானு பாத்து, ரெண்டு ஓரத்துலயும் சமமா அமுக்கினா கிளிப் தானா டக்குனு மூடும். மூடலன்னா முழுசா உள்ள போகலனு அர்த்தம்.

மொத பூட்

இந்த மெஷின் சாதாரணமாவே பூட் ஆக ரெண்டு நிமிஷம் எடுத்துக்கும், ரேம் மாத்தின அப்புறம் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஸ்க்ரீன் கருப்பா இருக்குனு உடனே பவரை ஆஃப் பண்ணாதீங்க. "இது ஹெச்பி மெமரி இல்ல"ங்கிற மாதிரி ஒரு வரி வந்தா கண்டுக்காதீங்க, ஓடும்.

அஞ்சு நிமிஷம் ஆகியும் ஒண்ணும் வரலன்னா ஒரு ஸ்டிக்கைக் கழட்டிட்டு ஒண்ணோட பாருங்க. அப்பவும் வரலன்னா பழைய ரேமைப் போட்டு புது ப்ராசஸரோட பாருங்க. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினதுக்கு இதுதான் தண்டனை, எது தப்புனு தெரியாது, ஒவ்வொண்ணா பின்னாடி போகணும். பொறுமைசாலியா இருந்தா ரேமை இன்னைக்கும் ப்ராசஸரை அடுத்த வாரமும் மாத்துங்க, எனக்கு ட்ரேயை ரெண்டு தடவை கழட்டச் சோம்பேறித்தனம்.

எனக்கு பூட் ஆச்சு, 16 ஜிபி காட்டுச்சு, சியான் பேரும் வந்துச்சு, துள்ளிக் குதிச்சேன், அப்புறம் பாத்தா டிஸ்க் எல்லாத்தையும் சேத்து வெச்ச பூல்ல ஒரு டிஸ்க்கும் இல்ல. நாலும் காணோம். வயித்துல புளியைக் கரைச்சுது. மினி எஸ்ஏஎஸ் கேபிளைப் பாதி சொருகிட்டு மறந்திருக்கேன். ஒரே நேரத்துல நாலு டிஸ்க்கும் சாகாது, அப்படிக் காட்டுச்சுன்னா அது கேபிள்தான்.

டெஸ்ட் பண்ணாம டேட்டாவை நம்பி விடாதீங்க

டிஸ்க் நாலையும் ட்ரேயோட பாதி வெளிய இழுத்து வெச்சுட்டு, யூஎஸ்பில ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. 16 ஜிபிக்கு ஒரு சுத்து முடியவே மணிக்கணக்குல ஆகும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் வேண்டாம், "ஒண்ணுதானே"னு சமாதானம் சொல்லிக்காதீங்க.

அப்புறம் டிஸ்க்கைத் தள்ளி பூட் பண்ணி, டிஎம்ஐடிகோட்ல (ஹார்ட்வேர் விவரம் காட்டுற கமாண்ட்) மெமரி பகுதியைப் பாருங்க. டோட்டல் விட்த் 72, டேட்டா விட்த் 64னு இருந்தா ஈசிசி ஸ்டிக்தான் உக்காந்திருக்கு, ரெண்டும் 64னு இருந்தா கடைக்காரர் உங்களையும் ஏமாத்திட்டாரு.

சூட்டுக்கு, எல்லா கோரையும் அரை மணி நேரம் முழு லோடுல ஓட்டிப் பாருங்க. ஐலோல வர்ற சிபியு நம்பரை நம்பாதீங்க, என் மெஷின்ல அது என்ன பண்ணாலும் 40லயே நிக்குது, ஓஎஸ்ல இருந்து கோர் சென்சாரைப் படிச்சாத்தான் நிஜம் தெரியும். மே மாசம் மத்தியானம் முழு லோடுல எனக்கு 74 டிகிரி வந்துச்சு, சும்மா இருக்கும்போது 45 சுமார். 85ஐத் தாண்டுச்சுன்னா ஹீட்சிங்க் சரியா உக்காரல, திரும்பக் கழட்டி பேஸ்ட் பரவின தடத்தைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் பரவியிருந்தா ஸ்க்ரூ சமமா முறுக்கலனு அர்த்தம்.

கடைசியா பூல்ல ஒரு ஸ்க்ரப் (டேட்டா முழுக்க சரியா இருக்கானு பாக்குற சோதனை) விடுங்க. என்னுது முடிய ஒரு பகல் ஆச்சு, எரர் பூஜ்யம். அந்த மாங்கோடிபி கன்டெய்னர் மொத தடவையே எழுந்துடுச்சு. ஃபைல் காப்பி அதே 110தான், சொன்னேன்ல. ஆனா வீட்டம்மா போன்ல போட்டோ ஆல்பத்தைத் திறந்துட்டு "என்ன இன்னைக்கு நெட்டு நல்லா வருது"னு கேட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல, ரேம் வாங்குன பில்லு இன்னும் சட்டைப் பைலயே இருந்துச்சு.

பழைய செலரானையும் 4 ஜிபி ஸ்டிக்கையும் விக்காதீங்க, வித்தாலும் ஒண்ணும் தேறாது. ஆன்டி ஸ்டாட்டிக் கவர்ல போட்டு, அந்த டார்க்ஸ் டிரைவரோட சேத்து ஒரு டப்பால வைங்க. என்னைக்காவது மெஷின் எழுந்திரிக்கலன்னா எது செத்துச்சுனு கண்டுபிடிக்க, நல்லா ஓடும்னு தெரிஞ்ச ஜோடி கைல இருக்கணும்.